நாலரைக் காசு

லிஃப்ட் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘பழுது. படிக்கட்டைப் பயன்படுத்தவும்.’ நான்கு மூலையிலும் மருத்துவமனை பிளாஸ்திரி. அந்தப் பிளாஸ்திரி பழுப்பேறி, ஓரம் சுருண்டு, தூசி பிடித்துக் கிடந்ததைப் பார்த்தால் காகிதம் நேற்று ஒட்டியதில்லை என்று தெரிந்தது. எலும்பு சிகிச்சைப் பிரிவு இரண்டாவது மாடியில் இருக்கிறது. முட்டி தேய்ந்தவர்கள், இடுப்பு ஒடிந்தவர்கள், மாவுக்கட்டுப் பிரிக்க வந்தவர்கள் என்று எல்லாரும் படி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

என் அக்காவுக்கு 68 வயது. இரண்டு முட்டியும் போய்விட்டது. ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஏறினாள். முதல் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“இருபத்திரெண்டு ஆச்சுடா. இன்னும் எவ்ளோ?”

“இன்னும் இருபத்திரெண்டுக்கா.”

“ஒண்ணும் அவசரமில்ல. இங்கயே கொஞ்சம் இருப்போம்.”

எங்களுக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்த, காலில் மாவுக்கட்டுப் போட்ட பையன் ஒருவன் போனில் எதையோ சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். குரல் தெரிந்த குரலாக இருந்தது. எட்டிப் பார்த்தால் சட்டமன்றம். நிதியமைச்சர் தங்கம் தென்னரசு பட்ஜெட் உரை வாசித்துக்கொண்டிருந்தார். 2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை காலை. முந்தின நாள் முழுக்க டிவியில், பட்ஜெட் இலச்சினையில் ரூபாய்க் குறியீட்டை எடுத்துவிட்டு ‘ரூ’ என்று போட்டது சரியா தவறா என்பதுதான் சண்டை. அந்த எழுத்துக்கு நடந்த சண்டையில் கால்வாசி, அதற்குப் பின்னால் வரும் எண்களுக்கு நடந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அக்கா கேட்டாள்: “என்னடா சொல்றாரு? லிஃப்டு பத்தி ஏதாவது சொல்றாரா?”

மாவுக்கட்டுப் பையன் சிரித்துவிட்டான். என்னால் சிரிக்க முடியவில்லை. காரணம், அந்தக் கேள்விக்கான பதில் எனக்குத் தெரியும். 36 வருஷம் அந்தப் பதிலை எழுதுவதுதான் என் வேலையில் பாதி.

1986-இல் சேப்பாக்கம் பக்கம் ஒரு துறைத் தலைமை அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். 2022-இல் கண்காணிப்பாளராக வெளியே வந்தேன். அதில் பல வருஷம் ‘பட்ஜெட் சீட்’ பார்த்தேன். அரசு அலுவலகத்தில் சீட் என்றால் நாற்காலி இல்லை, நமக்கு ஒதுக்கிய வேலை. பட்ஜெட் சீட் என்றால், மாவட்டங்களிலிருந்து வரும் ‘எங்களுக்கு இவ்வளவு வேண்டும்’ என்ற கடிதங்களையெல்லாம் சேர்த்து, கூட்டி, பிறகு வெட்டி, நிதித்துறைக்கு அனுப்பும் சீட். கூட்டுவதை விட வெட்டுவதற்குத்தான் அங்கே திறமை வேண்டும்.

அன்று சாயங்காலம் அயனாவரத்தில் அக்கா வீட்டில் உட்கார்ந்து, தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பழக்க தோஷம். பட்ஜெட் வந்த நாளில் எங்காவது எழுதிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

2025–26-இல் அரசுக்கு வருவாய்க் கணக்கில் வரும் என்று எதிர்பார்த்த தொகை 3,31,569 கோடி ரூபாய். செலவு 3,73,204 கோடி. துண்டு விழுவது 41,635 கோடி. இது வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது வீட்டு வாடகையும் மளிகையும் கட்டவே கடன் வாங்கும் நிலை. கட்டடம், சாலை, பாலம் என்று சொத்தாக நிற்கிற மூலதனச் செலவுக்கு வேறாக 57,231 கோடி.

இனி செலவைப் பிரித்தால், சம்பளம் 90,464 கோடி. ஓய்வூதியம் 41,290 கோடி. வாங்கிய கடனுக்கு வட்டி 70,754 கோடி. மூன்றும் சேர்ந்து 2,02,508 கோடி. வருகிற ஒவ்வொரு ரூபாயிலும் 61 காசு, யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே போய்விடுகிறது. அதில் வட்டியை மட்டும் பாருங்கள். அந்த ஆண்டு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மொத்தமாக ஒதுக்கியது 21,906 கோடி. வட்டி அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அந்தப் பணத்தில் ஒரு மாத்திரை கூட வாங்க முடியாது.

அடுத்து மானியங்கள், உதவித்தொகைகள், உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது என்று 1,53,724 கோடி. மகளிர் உரிமைத் தொகை, இலவசப் பேருந்து, மின்சார மானியம், முதியோர் உதவித்தொகை எல்லாம் இந்தக் கூடைக்குள்தான்.

மொத்தச் செலவிலிருந்து இவற்றையெல்லாம் கழித்தால் கையில் நிற்பது சுமார் 17,000 கோடி. அரசு அலுவலகங்களை நடத்துவதும், இருக்கிற பொருளைப் பழுது பார்த்து ஓடவைப்பதும் இதற்குள் அடங்க வேண்டும். செலவாகும் ரூபாய்க்கு நாலரைக் காசு. அக்காவின் லிஃப்ட் அந்த நாலரைக் காசுக்குள் எங்கோ ஒரு தூளாக இருக்கிறது.

தாளை அக்காவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு காலத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவள். துணியை வெட்டும்போது எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது.

நான்தான் ஆரம்பித்தேன். “உனக்கு மாசம் ஆயிரம் வருதே, அது மட்டும் வருஷத்துக்கு 13,807 கோடிக்கா. மொத்த ஹெல்த் டிபார்ட்மென்ட் பணத்துல மூணுல ரெண்டு பங்கு கிட்ட வருது.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள் நடைப்பயிற்சி முடிந்து டீக்கடையில் நின்று சொல்லும் வசனம் இது. ‘எல்லாத்தையும் இலவசமாக் குடுத்தே நாட்டைக் கெடுத்துட்டாங்க.’

அக்கா கோபப்படவில்லை. “நாளைக்கு பதினஞ்சாம் தேதி. அந்தக் காசு வந்ததும் சிலிண்டர் புக் பண்ணணும். 818 ரூவா 50 காசு. மிச்சத்துக்கு நாலு நாள் பால். மாமாவுக்கு வர்ற பி.எஃப். பென்ஷன் வாடகைல பாதிக்குக் காணாது.” கண்ணாடியைக் கழற்றினாள். “சரி, இதை நிறுத்திட்டா லிஃப்டு ஓடிடும்னு உனக்கு யாருடா சொன்னா? இது வர்றதுக்கு முன்னாடி ஓடிச்சா?”

ஓடவில்லை. உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-இல்தான் தொடங்கியது. ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு. அதற்கு முன்பும் அரசுக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றதுண்டு. நின்ற இடத்திலேயே நின்றதுண்டு.

அவள் விடவில்லை. “உன் பென்ஷன்ல வெட்டினா ஓடுமா?”

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. அந்த 41,290 கோடியில் நானும் ஒரு வரி. 2003 ஏப்ரல் 1-க்கு முன்பே வேலையில் சேர்ந்ததால் பழைய ஓய்வூதியம். அன்று முதல் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் என்று வைத்தார்கள், அவர்கள் சம்பளத்திலேயே பிடித்தம். ஒரே அறையில், ஒரே ஃபைலைப் பார்த்தவர்கள்தான் நாங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூனில் 58 முடிந்து நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கொரோனா வந்தது. வரி வரவு படுத்தது. அரசு அந்த வருஷம் மே மாதம் ஓய்வு வயதை 59 ஆக்கியது; அடுத்த பிப்ரவரியில் 60 என்றது. எனக்கு இரண்டு வருஷச் சம்பளம் கூடக் கிடைத்தது. அரசுக்கு என்னைப் போன்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணிக்கொடை இரண்டு வருஷம் தள்ளிப்போனது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதிவிட்டு என் நாற்காலிக்காகக் காத்திருந்த யாரோ ஒரு பிள்ளைக்கு இரண்டு வயது கூடியது. கையில் காசு இல்லாதபோது அரசு இப்படித்தான் சமாளிக்கும். செலவைத் தள்ளிப்போடும். யார் தலையில் தள்ளுகிறது என்பதுதான் விஷயம்.

பட்ஜெட் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு அக்டோபரிலும் மதிப்பீடு தயாரிக்கும் வேலை ஆரம்பமாகும். எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கணக்குத் தலைப்புகள் வரிசையாக இருக்கும். சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஆள் கணக்குப்படி அது தானாக வந்து உட்கார்ந்துவிடும். அமைச்சர் அறிவித்த திட்டமென்றால் அரசாணை இருக்கிறது, அதிலும் கை வைக்க முடியாது. வாடகை, மின்கட்டணம் கொடுக்காவிட்டால் ஆள் வந்து நிற்பான். மிஞ்சுவது அலுவலகச் செலவு, பராமரிப்பு. பராமரிப்புக்கு வாய் கிடையாது. வெட்டினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. கூரை அந்த வருஷமே விழாது. மோட்டார் அடுத்த நாளே எரியாது. அதனால் எல்லாரும் முதலில் அங்கேதான் போவார்கள்.

கூத்து என்னவென்றால், பொருள் வாங்குவதற்கு ஒரு தலைப்பு, அதைப் பழுது பார்ப்பதற்கு வேறு தலைப்பு. எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரிய ஜெராக்ஸ் மெஷின் இருந்தது. டிரம் போய்விட்டது. சரி பண்ண 38,000 ரூபாய் கேட்டோம். பராமரிப்புத் தலைப்பில் பணம் இல்லை. அடுத்த வருஷம் புது மெஷின் வேண்டும் என்று கேட்டோம். இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும் மெஷின், அனுமதி வந்துவிட்டது. புது மெஷின் வந்து, பூஜை போட்டு, பொட்டு வைத்தோம். பழையது வராந்தாவில் போய் நின்றது. நான் ஓய்வு பெறும்வரை அதன்மேல்தான் தபால் கட்டுகளை வைத்தார்கள்.

சிரிக்க முடியாத கதையும் ஒன்று இருக்கிறது. தென் மாவட்டம் ஒன்றில் எங்கள் துறையின் சின்ன அலுவலகம். பெண் ஊழியர்கள் ஆறு பேர். கழிப்பறையின் கதவு உளுத்து, தண்ணீர்க் குழாயும் அடைத்துக்கொண்டது. ஒரு அக்டோபரில் கடிதம் வந்தது, பழுது பார்க்க 45,000 ரூபாய் வேண்டும் என்று. எங்களுக்கு உச்சவரம்பு சொல்லிவிட்டார்கள், போன வருஷத்தைவிட இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று. நான் குறிப்பு எழுதினேன்: ‘அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கலாம்.’ அடுத்த அக்டோபரிலும் அதே கையெழுத்தில் கடிதம். மேலே ‘பார்வை’ என்று போட்டு முந்தைய கடிதத்தின் எண்ணும் தேதியும். நானும் அதே குறிப்பை எழுதினேன். மூன்றாவது வருஷம் ‘பார்வை: 1, 2’. எழுதிய அம்மா யாரென்று எனக்குத் தெரியாது. கையெழுத்து மட்டும் தெரியும். ‘ற’ போடும்போது கடைசி வளைவை நீளமாக இழுப்பார். மூன்றாவது கடிதத்தில் ‘அவசரம்’ என்று சிவப்பு மையில் எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தார்.

அந்த வருஷமும் வெட்டினேன். எனக்கு மேலே இருந்தவர் வெட்டச் சொன்னார், அவருக்கு மேலே இருந்தவர் அவருக்குச் சொன்னார், உண்மைதான். ஆனால் பேனா என் கையில் இருந்தது. நான்காவது வருஷம் கடிதம் வரவில்லை. கதவு சரியாகிவிட்டதா, அவர் மாற்றலாகிப் போய்விட்டாரா, இல்லை எழுதி ஓய்ந்துவிட்டாரா என்று விசாரிக்கவுமில்லை.

மருத்துவமனை லிஃப்டுக்குப் பின்னாலும் இப்படி ஒரு கடிதப் போக்குவரத்து நிச்சயம் இருக்கும். அரசு மருத்துவமனையின் முதல்வர் நினைத்தால் லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட முடியாது. நோயாளிகளைப் பார்ப்பது ஒரு துறை, கட்டடத்தைப் பார்ப்பது இன்னொரு துறை, பணத்தைப் பார்ப்பது மூன்றாவது துறை. இங்கிருந்து கடிதம் போக வேண்டும், அங்கிருந்து எஸ்டிமேட் வர வேண்டும், ‘ஹெட்ல பணம் இருக்கா’ என்று அந்தக் கணக்குத் தலைப்பைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஃபைல் ஃபைனான்ஸுக்குப் போய், இரண்டு கேள்வியோடு திரும்பி வர வேண்டும். நடுவில் ஒருவர் மாற்றலானால் புதியவருக்கு முதலிலிருந்து.

இதே மருத்துவமனையில் மருந்துக் கவுன்டரைப் பாருங்கள். அக்காவுக்குக் கால்சியம், வலி மாத்திரை, வயிற்றுக்கு ஒன்று, எல்லாம் கிடைத்தது. மாத்திரை அட்டையின் பின்னால் ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்திருக்கும். மருந்து எப்படி வருகிறது, லிஃப்ட் ஏன் வருவதில்லை? 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ஆரம்பித்தார்கள். எல்லா மருத்துவமனைக்கும் சேர்த்து ஒரே டெண்டர், மாவட்டக் கிடங்குகள், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். பேங்க் பாஸ்புக் மாதிரியே. இந்த வருஷம் உனக்கு இவ்வளவு தொகைக்கு மருந்து என்று அதில் இருக்கும். கிடங்கில் எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவார்கள். பற்று எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று மருந்தாளுநருக்குத் தெரியும். யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. பணம் ஏராளமாக இருந்ததால் வந்த ஏற்பாடு இல்லை இது. இருக்கிற பணத்தை இன்னாருக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிட்டதால் வந்தது. வேறு மாநிலங்கள் வந்து பார்த்து எடுத்துக்கொண்டு போன ஏற்பாடு. லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் கழிப்பறைக் கதவுக்கும் அப்படி ஒரு பாஸ்புக் யாரும் போடவில்லை.

போட மாட்டார்கள் என்பதற்குக் காரணமும் தெரிந்ததுதான். கிண்டியில் 1,000 படுக்கையோடு கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை 230 கோடி ரூபாயில் எழுந்தது. 2023 ஜூன் 15-இல் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். நல்ல காரியம், தென்சென்னை ஜனங்களுக்கு அது வேண்டியிருந்தது. கட்டுவது ஒரு தடவைச் செலவு. அதன் ஏசியும் லிஃப்டும் ஆக்சிஜன் குழாயும் ஓடுவதற்கான பணத்தை வருஷா வருஷம், கிண்டியைத் திறந்த நினைவு மங்கிய பிறகும், யாராவது ஒரு பட்ஜெட் சீட்டில் உட்கார்ந்து கேட்டு வாங்க வேண்டும். பழுது பார்த்த லிஃப்டுக்கு யார் ரிப்பன் வெட்டுவது?

இதைச் சொன்னால் உடனே ‘அப்போ இலவசத்தை நிறுத்து’ என்று ஒரு கூட்டம் வரும். அவர்களோடு நான் சேர மாட்டேன். அக்கா கேட்டதுதான் என் கேள்வியும். மிச்சமான பணம் தானாக லிஃப்டுக்கு நடந்து போகும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது, பள்ளிக்கூடத்தைச் சாப்பாட்டுக்கடை ஆக்குகிறார் என்று பேசியவர்கள் உண்டு. எங்கள் தெருவில் அந்தச் சோற்றுக்காகப் பள்ளிக்கூடம் போனவன், பிறகு என்னோடு அதே துறையில் வேலை பார்த்தான். கொடுப்பதில் எது வீண், எது முதலீடு என்று மார்ச் மாதத்தில் ஃபைலைப் பார்த்துச் சொல்ல முடியாது. முப்பது வருஷம் ஆகும்.

வரவுப் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எல்லாம் இங்கேயே கெட்டது போலாகிவிடும். மத்திய வரிகளில் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பங்கில் தமிழ்நாட்டுக்கு ஒன்பதாவது நிதிக் குழு 7.931 சதவீதம் கொடுத்தது. பதினைந்தாவது நிதிக் குழு வந்தபோது 4.079. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தி, நன்றாகப் படிக்கவைத்து, பணக்கார மாநிலம் என்று பெயர் வாங்கியதற்குக் கிடைத்த பரிசு. பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு பணம் கொடுக்கும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024–25-க்கு வர வேண்டிய 2,152 கோடி, பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதால் வரவில்லை. அதையும் மாநிலமே தன் கையிலிருந்து போட வேண்டியிருந்தது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி. மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் கொடுக்கும்வரை மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை தோண்டிய பள்ளத்துக்கெல்லாம் மாநிலக் கணக்கில்தான் சுமை.

ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலத்தின் கைக்கு எட்டுகிற வரிகள் கொஞ்சம்தான்: பெட்ரோல், பத்திரப்பதிவு, வண்டி, சாராயம். டாஸ்மாக்கிலிருந்து 2024–25-இல் வந்தது 48,344 கோடி. அதே வருஷ சுகாதார ஒதுக்கீட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதில் குடித்தவர்கள் எந்த வார்டில் போய்ப் படுக்கிறார்கள் என்று சேர்த்துக் கணக்குப் போட்டால் காலண்டர் தாள் பத்தாது.

நாமும் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. பஸ் கட்டணம் கடைசியாக ஏறியது 2018 ஜனவரியில். அப்போது நடந்த போராட்டங்களைப் பார்த்தபின் அந்தப் பக்கம் போக யாருக்கும் தைரியமில்லை. சென்னையில் சொத்துவரி 1998-க்கு அப்புறம் 2022-இல்தான் பெரிதாகத் திருத்தினார்கள். என் வீட்டு வரி ஏறியபோது நானும் எதிர்வீட்டுக்காரரோடு நின்று ஒரு மணி நேரம் திட்டினேன். இருபத்தி நாலு வருஷம் பழைய வரியையே கட்டிக்கொண்டிருந்தோமே என்று அப்போது தோன்றவில்லை.

கடன் வாங்கலாமே என்றால், அதற்கும் வரம்பு. மாநில உற்பத்தி மதிப்பில் 3 சதவீதத்துக்குள் நிதிப் பற்றாக்குறை, அதாவது அந்த வருஷத்துக்குக் கடன் வாங்கி நிரப்ப வேண்டிய தொகை, நிற்க வேண்டும். 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டபோது ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்றார். அன்று அலுவலகத்தில் எல்லாரும் அந்த எண்ணைச் சொல்லிச் சிரித்தார்கள். ‘என் பங்கை ஜி.பி.எஃப்-ல பிடிச்சுக்கோங்க’ என்று தன் வருங்கால வைப்பு நிதியைக் காட்டினார் ஒருவர். 2026 மார்ச் முடிவில் நிலுவைக் கடன் 9,29,959 கோடியாக இருக்கும் என்று தென்னரசு உரையில் இருந்தது. எண் பெரிதாகப் பெரிதாகச் சிரிப்பும் நின்றுவிடுகிறது.

ஆனாலும் எனக்குக் கோபம் பற்றாக்குறை மேல் இல்லை. பற்றாக்குறை எல்லா வீட்டிலும் உண்டு. பற்றாக்குறை வரும்போதெல்லாம் ஒரே இடத்தில் வெட்டுகிறோம், அதை யாரும் முடிவு செய்ததாகவே தெரியாது, அங்கேதான். உரிமைத் தொகையா பள்ளிக்கூடமா, மெட்ரோவா மழைநீர் வடிகாலா என்று சட்டமன்றத்தில் பேசுவார்கள். கதவா ஜெராக்ஸா என்று ஒருவரும் பேச மாட்டார்கள். அதை என்னைப் போல ஒரு கண்காணிப்பாளர், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட வேண்டுமென்று அவசரமாக எழுதிய ஒரு வரி முடிவு செய்கிறது.

மார்ச் மாதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் துறையில் இருந்தவர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். வருஷம் முழுக்க ‘பணம் இல்லை’ என்று சொன்ன தலைப்பில், பிப்ரவரி கடைசியில் திடீரென்று பணம் இருக்கும். எங்கோ காலியிடம் நிரப்பாததால் சம்பளம் மிஞ்சியிருக்கும், ஏதோ ஒரு திட்டம் தொடங்காமலே போயிருக்கும். மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் அடுத்த வருஷம், ‘போன தடவையே உங்களால் செலவழிக்க முடியலையே’ என்று வெட்டுவார்கள். அதனால் மார்ச் கடைசி வாரம் அலுவலகமெல்லாம் கல்யாண வீடு. பத்து மாதம் தூங்கிய எஸ்டிமேட் எழுந்து உட்காரும். பில் போட்டு, டோக்கன் வாங்கி, அந்தப் பில்லைப் பாஸ் பண்ணும் பே அண்ட் அக்கவுண்ட்ஸ் ஆபீஸில் ராத்திரி பதினொரு மணிக்கு டீ குடித்த வருஷங்கள் உண்டு. இப்போது எல்லாம் ஆன்லைன், டீ மட்டும் அவரவர் சீட்டிலேயே.

இரண்டு வாரம் கழித்து அக்காவை மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். மார்ச் 28, வெள்ளிக்கிழமை. அயனாவரத்திலிருந்து பிங்க் பஸ். அவளுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு உண்டு. நடத்துநர் எனக்குச் சில்லறை கொடுக்கும்போது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் படிக்கட்டுப் பக்கம் போகப் பார்த்தவளை நான்தான் நிறுத்தினேன். லிஃப்ட் கதவில் காகிதம் இல்லை. பிளாஸ்திரி இருந்த நான்கு மூலையும் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. பொத்தானில் சிவப்பு விளக்கு. கதவு திறந்தது. உள்ளே புது டியூப்லைட், கிரீஸ் வாசனை, முக்காலியில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர்.

“எப்போலேர்ந்து ஓடுது?” என்றேன்.

“முந்தாநேத்துலேர்ந்துதான் சார். திடீர்னு ஆளுங்க வந்தாங்க. ரெண்டே நாள், முடிச்சிட்டாங்க.”

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

“ஏண்டா சிரிக்கிற?”

“தேதியைப் பாருக்கா.”

அக்கா பையிலிருந்த ஓ.பி. சீட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி மேலே கிளம்பியது. இரண்டாவது மாடியில் இறங்கும்போது காக்கிச் சட்டைக்காரர் சொன்னார்:

“மேல போறதுக்கு மட்டும்தான்மா. இறங்கும்போது படியில போயிடுங்க.”

அக்கா நின்றாள். “எனக்கு இறங்குறதுதாம்பா வலிக்குது.”

அவர் அவளுடைய முட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வராந்தாவில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

“சரி, முடிச்சிட்டு வாங்க. பாத்துக்கலாம்.”